சிறிய ஓடும் பெரிய ஓடும்

நமது தமிழ்த்துறை அலமாரியின் கீழ்த்தட்டில், 2015ஆம் ஆண்டு எடுத்த அச்சுப்படி ஒன்று இன்றும் கிடக்கிறது. கல்வராயன் மலையூர்களிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் மாணவர்கள் பல ஆண்டுகளாகத் திரட்டிவந்த வட்டாரச் சொற்களின் பட்டியல் அது. சாமை விதைப்பு, கடுக்காய் பொறுக்கல், கூரை வேய்தல், ஜாகீர் காலத்து வரிகள், கூலியில்லாக் கட்டாய வேலை என்று பல துறைச் சொற்கள் அதில் உண்டு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலையாதலால், முதியவர்களின் நினைவில் மட்டும் எஞ்சிநிற்கும் சொற்கள் அங்கே மிகுதி. பட்டியலை மலைச்சொற்கள், சமவெளிச் சொற்கள் என்று இரு பகுதிகளாக வெளியிட எண்ணியிருந்தோம்.

அச்சுப்படியைப் புரட்டியபோது, ஒவ்வோர் எழுத்தின் தலைப்புக்கு முன்னாலும் ஒரு சிறுகோடும் ஆங்கில எழுத்தான 'ஈ'யும் நின்றன. அச்சுப்பொறியின் கோளாறென்று எண்ணி விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து மலையூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் தயங்கியபடி வந்து, "ஐயா, எங்க ஊர்ச் சொல்லெல்லாம் கீழ்நாட்டுப் பக்கம் போயிருக்கே" என்றார். பார்த்தோம். உண்மைதான். வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களின் சொற்கள் உரிய இடத்தில் இருந்தன. பிற்காலத்தில் சேர்த்த மலையூர்களின் சொற்களோ, ஒன்று விடாமல் சமவெளிப் பகுதிக்கு இறங்கியிருந்தன. அம்மாணவி கேட்டிராவிட்டால் அது அப்படியே நூலாகியிருக்கும். அவருடைய பாட்டி சொன்ன சொற்களைச் சமவெளி வழக்கு என்று பின்வருவோர் மேற்கோள் காட்டியும் இருப்பார்கள்.

பட்டியலை வகுத்த நிரலில் எவரும் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. 2009இல் கணிப்பொறித்துறை மாணவர் ஒருவர் நமக்காக எழுதிக்கொடுத்தது. ஆறாண்டுகள் பிழையின்றி உழைத்தது. மாறியது கணினி மட்டுமே. பழைய கணினியில் சூசே லினக்ஸ் இருந்தது. அதற்குச் சற்று முன்னர் எல்காட் நிறுவனம் உமாசங்கர் இ.ஆ.ப. பொறுப்பில் அரசுக் கணினிகளைச் சூசேக்கு மாற்றத் தொடங்கியிருந்ததால், அந்தப் பெயர் நம் பக்கத்திலும் பரவியிருந்தது. புதிய கணினியில் டெபியன் லினக்ஸ். இரண்டிலும் 'எஸ்எச்' என்ற இரண்டெழுத்துப் பெயரில் ஒரு கருவி உண்டு. பெயர் ஒன்று, பெயருக்குப் பின்னால் நின்ற ஆள் வேறு. அந்த ஆள்மாறாட்டத்தின் கதையைச் சொல்லவே இக்கட்டுரை. கணினி பழகாத வாசகர்களும் அஞ்ச வேண்டியதில்லை. இது பெரும்பாலும் மொழியைப் பற்றிய கதைதான்.

கணினியின் உள்ளே இயந்திரத்தை ஆள்கிற பகுதியைக் கரு எனலாம். கருவோடு மனிதர் நேரே பேசுவதில்லை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி, உரிய நிரலைத் தேடி இயக்கி, விடையைக் கொண்டுவந்து தரும் இடையாள் ஒருவர் உண்டு. தேங்காய்ப் பருப்பைச் சிரட்டை சூழ்ந்திருப்பதுபோல் கருவைச் சூழ்ந்திருப்பதால் அதற்கு ஆங்கிலத்தில் ஷெல் என்று பெயர். இங்கே அதை 'ஓடு' என்றே குறிப்போம். அதன் தொழிலும் 'ஓடு' என்று பிற நிரல்களை ஏவுவதே என்பதால், நம் மொழியில் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பெயரை இட்டவர் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான். 1960களின் முற்பகுதியில் எம்.ஐ.டி.யில் பணியாற்றியபோது, அடிக்கடி இடும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து ஒருசேர இயக்கும் 'ரன்காம்' என்ற நிரலை எழுதினார். அடுத்து வந்த மல்டிக்ஸ் என்னும் பெரும் இயங்குதளத்துக்கு இக்கருத்தை விரித்துரைத்தபோதுதான் ஷெல் என்ற சொல் பிறந்தது. மல்டிக்ஸின் ஓட்டை 1965இல் எழுதிமுடித்தவர் கிளெண்டா ஷ்ரோடர்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1971இல் யூனிக்ஸுக்காக எழுதிய ஓடு மிகச் சிறியது. 'இப்படியானால் இதைச் செய்' என்னும் நிபந்தனையைக்கூட அது தன்னுள் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் வெளியே ஒரு தனி நிரல் இருந்தது. தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பதே அதன் வேலை. டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் 1973இல், ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலின் வாயில் ஊற்றும் குழாய் வந்து சேர்ந்தது. தாம்சன் ஓட்டைக் கருவோடு பிணைக்காமல், மற்றெல்லா நிரல்களையும் போன்ற ஒன்றாக வைத்தார். பிடிக்காதவர் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். பின்னால் வந்த அத்தனை ஓடுகளும் இந்த ஒரு முடிவால் பிறந்தவையே.

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் பார்னின் ஓடு வந்தது. 'எஸ்எச்' என்ற பெயரைத் தாம்சனிடமிருந்து பெற்றுக்கொண்டு, மாறிகள், நிபந்தனைகள், சுழற்சிகள் எல்லாம் கொண்ட முழு நிரல்மொழியாக வளர்ந்தது. பார்ன் அல்கால் என்னும் பழைய நிரல்மொழியில் ஊறியவர். நிபந்தனையைத் தொடங்கும் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் முடிக்கும் சொல் வந்துவிடும்படி அமைத்தார். மாலைமாற்றுப் பாடிப் பழகிய நம் புலவர்களுக்கு அவரை மிகவும் பிடித்திருக்கும். சுழற்சிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் திருப்பிப் போட்டால் வருகிற பெயரில் ஏற்கெனவே வேறொரு கருவி இருந்ததால், 'முடிந்தது' என்று பொருள்படும் சாதாரணச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஓடுகள் பெருகின. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஓடு, முன்பு இட்ட கட்டளைகளை நினைவில் வைத்து மீட்டுத் தந்தது. 1983இல் டேவிட் கோர்னின் ஓடு வெளிப்பட்டது. குனூ திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியிட்ட பாஷ், இவை எல்லாவற்றின் வசதிகளையும் ஒருங்கே திரட்டிக்கொண்டு பார்னின் வாரிசாகத் தன்னை அறிவித்தது. அதன் பெயரே 'மீண்டும் பிறந்த பார்ன்' என்னும் சிலேடைதான். லினக்ஸ் பரவிய இடமெல்லாம் பாஷும் பரவியது. பாஷின் ஆசிரியர்களிடம் நமக்குப் பிடித்தது அவர்களுடைய நேர்மை. அதன் கையேட்டில் குறைகள் என்ற தலைப்பின்கீழ் அவர்களே முதலில் ஒப்புக்கொள்வது, அது மிகப் பெரிது, மிக மெதுவானது என்பதையே. எந்த உரையாசிரியர் தம் உரைநூலைப் பற்றி இப்படி எழுதுவார்?

பாஷ் வெளிவந்த அதே 1989இல் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் என்பவர் சிறியதோர் ஓட்டை எழுதி வெளியிட்டார். ஆஷ் என்று பெயர். அலங்காரம் ஏதுமில்லை. பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த தளங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1992இல் போசிக்ஸ் என்ற பொதுத்தரம், ஓடு என்றால் குறைந்தபட்சம் எவையெவை தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்த வரையறைக்குள் அடங்கி ஒழுகுவதே சிறிய ஓடுகளின் நெறியாயிற்று. 1997இல் ஹெர்பர்ட் சூ ஆஷை டெபியனுக்குக் கொண்டுவந்தார். 2002இல் அது டாஷ் என்று பெயர்மாற்றம் பெற்றது. நமது கணினியில் டாஷ், பாஷில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடமே கொள்கிறது. நம் வீடுகளில் மினுக்கிக்கொண்டிருக்கும் இணைய மோடங்கள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இந்த ஆஷ் குடும்பத்துப் பிள்ளைதான்.

இனி ஆள்மாறாட்டத்துக்கு வருவோம். லினக்ஸ் கணினி ஒன்று உறக்கத்திலிருந்து எழும்போது ஆயிரக்கணக்கான சிறுசிறு வேலைகளுக்கு ஓட்டை அழைக்கும். ஒவ்வோர் அழைப்பிலும் பெரிய ஓடு தன் மூட்டைகளை எல்லாம் இறக்கிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். சிறிய ஓடு கைவீசி வந்து நிற்கும். இந்த நேரக் கணக்கைக் கருதி, 2006 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 6.10 பதிப்பில், 'எஸ்எச்' என்ற பெயரைப் பாஷிடமிருந்து எடுத்து டாஷுக்குக் கொடுத்தார்கள். மனிதர் அமர்ந்து தட்டச்சிடும் இடத்தில் பாஷே தொடர்ந்தது. திரைக்குப் பின்னால் நிகழும் பணிக்கு மட்டும் டாஷ். 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6 பதிப்பும் அவ்வழியே சென்றது.

உடனே கூக்குரல் எழுந்தது. உலகெங்கும் எண்ணற்ற கட்டளைக் கோப்புகள் முறிந்தன. அவற்றின் முதல் வரியில் 'எஸ்எச்' என்று எழுதியிருந்தார்கள்; அதாவது, "இது பொதுமொழியில் எழுதப்பட்டது, எந்த ஓடும் படிக்கலாம்" என்று வாயிலில் பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இருந்ததோ பாஷுக்கு மட்டுமே புரியும் வழக்கு. பல்லாண்டுகளாக 'எஸ்எச்' என்றால் பாஷ்தான் என்றிருந்ததால், தாம் பேசுவது வட்டார வழக்கு என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. இத்தகைய பிரயோகங்களுக்குப் 'பாஷியம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவற்றைத் தேடிப்பிடிக்கும் கருவியும் டெபியனில் உண்டு. (பாஷ் என்ற பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் 'பாஷை' ஆகிவிடுவதைத் தமிழாசிரியர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.)

வட்டார வழக்கைக் குறைவாகப் பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். நமது தொழிலே அதைப் போற்றுவதுதான். ஆனால் வட்டார வழக்கில் எழுதியதை வட்டார வழக்கு என்று சொல்லித்தானே தரவேண்டும்? நமது பட்டியலில் நேர்ந்த பிழையும் அதே வகையினது. மலைச்சொல்லுக்குச் சமவெளி என்று பலகை மாட்டிவிட்டோம்.

நிகழ்ந்ததைத் துப்புத்துலக்கித் தந்தவர், விழுப்புரத்தில் இயங்கிவரும் குனூ/லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்குச் சென்று பழகிய நண்பர் ஒருவர். அப்போது நாமும் விழுப்புரம் மாவட்டத்தவரே. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல்தான். நண்பர் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடத்தில் சிரித்துவிட்டார். முதல்வரி 'எஸ்எச்'. தொடக்கத்தில் எழுதிய நிபந்தனை, ஒற்றைச் சதுர அடைப்புக்குள் பொதுமொழியில் இருந்தது. வெள்ளிமலைச் சுற்றூர்கள் அதனால் தப்பின. பின்னர் சேர்த்த ஊர்களுக்கான நிபந்தனைகள் இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருந்தன. அது பாஷின் சொத்து. டாஷோ இரட்டை அடைப்பை ஒரு நிரலின் பெயரென்று எண்ணித் தேடியிருக்கிறது; அப்படியொரு நிரல் இல்லையென்று முறையிட்டிருக்கிறது; நிபந்தனை நிறைவேறவில்லை என்று கொண்டு, 'மற்றவை எல்லாம் சமவெளி' என்ற கடைசிக் கிளைக்குப் போயிருக்கிறது. தலைப்புகளின் முன் நின்ற சிறுகோடும் 'ஈ'யும் அச்சுப்பொறியின் கோளாறல்ல. அச்சிடும் கட்டளைக்குப் பாஷ் ஏற்கும் குறிப்பு அது. டாஷ் அதைக் குறிப்பென்று அறியாமல், அதையும் சேர்த்து அச்சிட்டுவிட்டது.

ஒவ்வொரு சொல்லுக்கும் டாஷ் முறையிட்டிருக்கிறதே, அது எங்கே போயிற்று? பிழைச்செய்திகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட அந்த மாணவர் ஏற்பாடு செய்திருந்தார். ஆறாண்டுகளில் அக்கோப்பை நாம் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை.

சீர்செய்ய இரு வழிகள் இருந்தன. முதல்வரியில் 'எஸ்எச்' என்பதை 'பாஷ்' என்று திருத்தினால் போதும். அரை நிமிட வேலை. அல்லது, கோப்பு முழுவதையும் பொதுமொழியில் திரும்ப எழுத வேண்டும். துறையில் இதுகுறித்து ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். முன்னதற்கே ஆதரவு மிகுதி. நியாயமும் அதன் பக்கம் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்வதே நேர்மை என்று இப்போதுதானே மேலே எழுதினோம்? பின்னதன் பக்கம் நம்மைச் சாய்த்தவை இரண்டு.

ஒன்று, பாஷுக்கு அதற்கு முந்தைய ஆண்டில் நேர்ந்தது. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷஸெலா என்பவர் கண்டறிந்த பெரும்பிழையை ஷெல்ஷாக் என்று அழைத்தார்கள். ஒரு கட்டளைத் தொகுதியை ஓர் ஓட்டிலிருந்து அது பெற்றெடுக்கும் மற்றோர் ஓட்டுக்குக் கடத்தும் வசதி பாஷில் உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்தாத அந்த வசதியின் ஓட்டை வழியாக, வெளியார் தம் கட்டளைகளை வழங்கிகளுக்குள் புகுத்த முடிந்தது. 1989 முதல் கால் நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது அது. அவ்வசதியே டாஷில் இல்லை. ஆதலால் 'எஸ்எச்' என்ற பெயர் டாஷிடம் இருந்த கணினிகளில் தீங்கு புகும் வாயில்கள் குறைந்தன. வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேறொரு வகையிலும் காத்தது. நமது சொற்பட்டியலைத் திருட எவரும் வரப்போவதில்லை என்பது வேறு. ஆயினும், தேவையறியாத ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் உறுத்தியது.

மற்றது மலையில் நிகழ்ந்தது. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்து ஏறும் சாலையில், பழைய சிறு மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு அவ்வப்போது செல்வோம். மலையில் மின்சாரம் நினைத்தபோது போகும். மின்கலம் தாங்கும்வரை வேலை. அதில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் சீஷ் என்னும் ஓட்டை நிறுவி அழகுபடுத்தியிருந்தார். 2019இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் இயல்பாக வைத்ததும் இந்தச் சீஷைத்தான். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் மணி, மின்கல அளவு, அடைவின் நிலை முதலியவற்றை வண்ணத்தில் காட்டிய பிறகே அது அடுத்த கட்டளைக்கு இடம்விடும். புதிய கணினியில் இத்தாமதம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கிழட்டுக் கணினியிலோ இரண்டு மூச்சு நேரம் திரை வெறித்திருக்கும்.

மலையூர் இளைஞர் ஒருவர் அன்றுதான் முதன்முறையாகத் தட்டச்சிடுகிறார். சொல்லை உள்ளிட்டார், திரையில் ஒன்றும் நிகழவில்லை. தாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டோமென்று எண்ணி நம் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலம்பை அழுத்தி அதே கட்டளையை மறுபடி இட்டார். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் இருமுறை ஏறிவிட்டன. நமது கணக்கில் இருமுறை பதிவான சொல் இருவர் சொன்ன சொல். ஒருவரே சொன்ன சொல்லைவிட உறுதியானது. பிற்பாடு அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இயந்திரம் விரைந்து பதில் சொல்லாதபோது, பழகியவர்கள் இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். பழகாதவர்கள் தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அன்றிரவே அந்த அலங்காரத்தை நீக்கினோம். தட்டச்சிடும் இடத்தில் வெறும் பாஷ், ஒற்றை டாலர் குறியோடு. அங்கும் டாஷே இருக்கட்டும் என்று முயன்று பார்த்ததுண்டு. மேலம்பை அழுத்தினால் நமது டாஷ் புரியாத குறிகளை உமிழ்ந்தது. முந்தைய கட்டளையை மீட்டுத்தர அதற்குத் தெரியவில்லை. மனிதரோடு பேச ஒன்று, வேலைசெய்ய மற்றொன்று என்று டெபியன் வகுத்த பாகுபாட்டின் அருமை அப்போதுதான் விளங்கியது.

இந்த இடத்தில் நமது பள்ளிகளையும் நினைத்துக்கொள்ளலாம். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. (பாஸ் வேறு, பாஷ் வேறு, அச்சுப்பிழை அன்று.) நமது மாணவர் பலர் பாஸைத் திறந்ததே இல்லை. திறந்த சிலர்தான் மேலே சொன்ன வேலைகளுக்குக் கைகொடுத்தவர்கள்.

ஆக, கோப்பைப் பொதுமொழியில் திரும்ப எழுதினோம். அப்போது எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படியும் வகுக்க வேண்டியிருந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்னவென்று பாஷைக் கேட்டால் ஐந்து என்றது. நமது டாஷோ பதினைந்து என்றது. 'கடுக்காய்' பாஷுக்கு ஒன்பது, டாஷுக்கு இருபத்தேழு. பாஷ் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. மெய்யையும் புள்ளியையும், உயிர்மெய்யின் அகரமேறிய எழுத்தையும் உயிர்க்குறியையும் தனித்தனியாகக் கொள்கிறது. டாஷ் ஒவ்வொரு குறிக்கும் சேமிப்பில் ஆகும் மூன்று பைட்டுகளை எண்ணுகிறது. நம் இலக்கணத்தில் 'தமிழ்' மூன்றெழுத்து, 'கடுக்காய்' ஐந்து. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றொழித்து எண்ணினால் 'தமிழ்' இரண்டே.

மூன்று பைட்டுக்குக் காரணமான யூடிஎஃப்-8 குறியேற்றத்தை, 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில் மேசைவிரிப்புத் தாள்மீது வகுத்தவர் அதே கென் தாம்சன்தான். உடனிருந்தவர் ராப் பைக். முதல் யூனிக்ஸ் ஓட்டை எழுதிய கைகளே நம் எழுத்துக்கும் உறை தைத்தன.

பெரிய ஓடும் சிறிய ஓடும் இரண்டுமே தவறாக எண்ணுகையில், பெரியதன் விடை உண்மைக்கு அருகில் இருப்பதுபோல் தோன்றுவதே இடர். ஐந்தைப் பார்த்து எவரேனும் நம்பிவிடக்கூடும். பதினைந்தை எந்தத் தமிழாசிரியரும் நம்பமாட்டார். எனவே எழுத்தெண்ணும் பொறுப்பை ஓட்டிடம் கொடுக்கவில்லை. சார்பெழுத்தும் ஒற்றும் அறிந்த தனியொரு சிறுநிரலைப் பைத்தானில் எழுதி, தாம்சன் நிபந்தனையை வெளியே வைத்ததுபோல் வெளியே வைத்தோம். டாஷ் அதை அழைக்கும், விடையை வாங்கும், அடுத்த இடத்துக்கு அனுப்பும்.

புதிய கோப்பு நூற்றுப்பத்து வரிகள். பழையதைவிட நாற்பது வரி நீளம். சில இடங்களில் சுற்றிவளைத்துச் செல்கிறது. பிழைச்செய்திகள் இப்போது திரையிலேயே வரும். இரண்டாவது அச்சுப்படி எடுத்தபோது, அம்மாணவியை அழைத்து முதலில் அவர் கையில் கொடுத்தோம். நின்றபடியே தம் ஊர்ச்சொற்களை ஒவ்வொன்றாக விரல்வைத்துத் தேடிப் பார்த்தார். எல்லாம் மலைப்பகுதியில் இருந்தன. ஒரு சொல்லுக்கு நாம் எழுதியிருந்த பொருள் தவறு என்றார், திருத்திக்கொண்டோம்.